வீட்டுப் பத்திரத்தை எடுப்பதற்கு முன்

கேள்வி: மேடம், எனக்கு 27 வயது. சென்னையில் எம்.எஸ்சி. அப்ளைடு சைக்காலஜி முடித்துவிட்டு, நான்கு வருடமாக அம்பத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். சம்பளம் மாதம் 28,000 ரூபாய். மருத்துவ உளவியலில் டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்று ஆசை. இப்போது மூன்று வழி தெரிகிறது. வேலையில் இருந்துகொண்டே இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர பிஹெச்.டி. செய்யலாம். அல்லது ஆர்.சி.ஐ. ஒப்புதல் உண்டு என்று சொல்லும் ஒரு நிறுவனத்தில் முழுநேர சை.டி. (சிகிச்சைப் பயிற்சிக்கு முதலிடம் தரும் உளவியல் டாக்டர் பட்டம்) சேரலாம், ஆனால் வேலையை விட வேண்டும். மூன்றாவது, அமெரிக்காவில் ஒரு சை.டி. படிப்பு. இடம் கிடைத்துவிட்டது, படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 42,000 டாலர். ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா வீட்டை அடமானம் வைக்கத் தயார். மாமாவோ, "பேருக்கு முன்னால டாக்டர்னு வரணும், அவ்வளவுதானே, பகுதிநேரமே போதும்" என்கிறார். போன வருடம் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைக் கீறிக்கொண்டு என் அறைக்கு வந்தான். பேசினேன், பெற்றோரை வரவழைத்தேன், மருத்துவமனைக்கு அனுப்பினேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?
- வாசகி, அம்பத்தூர்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பையனைப் பற்றி. நீங்கள் செய்தது சரி. தனியாக விடாமல் உட்காரவைத்துப் பேசியது, வீட்டாரை அழைத்தது, மருத்துவமனைக்கு அனுப்பியது மூன்றும் சரி. பள்ளிக் கவுன்சிலரின் வேலை அதுதான். "அதற்கு மேல் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கட்டணம், தேதி, மாமா சொன்னது எல்லாவற்றையும் விட அந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அவன் திரும்பி வந்து எதிரே உட்காரும்போது என்ன செய்வது என்று கற்றுக்கொள்ளத்தானே உங்களுக்கு மேலே படிக்க வேண்டும்? அப்படியென்றால் பட்டத்தை வைத்துத் தொடங்காமல், அதை உங்களுக்கு யார், எந்த இடத்தில் கற்றுத்தருவார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.

நம் ஊரில் பலரும் குழம்புகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய, டாக்டர் பட்டம்தான் வாசல். அது இல்லாமல் பெரும்பாலான மாநிலங்களில் உளவியலாளர் லைசென்ஸ் வாங்க முடியாது. இந்தியாவில் வாசல் வேறு. இங்கே இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது நாம் ஆர்.சி.ஐ. என்று சொல்வது, ஒப்புதல் கொடுத்த மருத்துவ உளவியல் படிப்பை முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். 1992-ம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டம் அதைத்தான் சொல்கிறது. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை என்று அதில் பிரிவே இருக்கிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் என்றால் யார் என்று விளக்கும்போது, ஆர்.சி.ஐ. அங்கீகரித்த தகுதியையோ, மேற்பார்வையில் மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபிலையோதான் கேட்கிறது. உளவியலில் பிஹெச்.டி. மட்டும் வைத்திருப்பவர் அந்த விளக்கத்துக்குள் வரமாட்டார்.

இது தெரியாமல் ஐந்து வருடம் உழைத்துப் பட்டம் வாங்கி, அப்புறம் ஒரு மருத்துவமனையில் வேலைக்கு விண்ணப்பித்து, "உங்க ஆர்.சி.ஐ. நம்பர் என்னங்க?" என்ற கேள்வியில் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். என்னிடம் வந்து அழுதவர்களும் உண்டு. உங்கள் மாமா சொல்வதுபோல் பெயருக்கு முன்னால் டாக்டர் வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பையனை நீங்கள் அப்போதும் வேறொருவரிடம்தான் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

பிஹெச்.டி.யைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை 1943-ல் தொடங்கியது, நாட்டிலேயே பழைய துறைகளில் ஒன்று. ஆராய்ச்சி என்பது இந்தத் துறையின் முதுகெலும்பு. 1981-ல் சென்னை அரசு பொது மருத்துவமனைக்கு முதல் முறையாக மனச்சிதைவோடு வந்த 90 பேரை மனநல மருத்துவர் தாராவும் உடனிருந்தவர்களும் பின்தொடரத் தொடங்கினார்கள். பத்து வருடம், இருபது வருடம், அதற்கு மேலும் அவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். இந்த நோய் வந்தவர்களின் வாழ்க்கை எப்படிப் போகிறது, யார் வேலைக்குப் போனார்கள், யாருக்குக் கல்யாணம் நிலைத்தது என்பதையெல்லாம் நம் ஊர் மனிதர்களை வைத்து உலகத்துக்குச் சொன்ன ஆய்வு அது. அப்படி ஒரு கேள்வி மனதில் இருந்து, அதற்காக ஐந்தாறு வருடம் கொடுக்கத் தயாராக இருப்பவர் பிஹெச்.டி. செய்ய வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு ஆய்வுக் கேள்வி எனக்குத் தெரியவில்லை. இப்போது இல்லை என்பதில் தவறும் இல்லை. நோயாளிகளோடு இரண்டு மூன்று வருடம் இருந்தால் அது தானாக வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

இந்த இடத்தில் என் கதை கொஞ்சம். என் முதல் பிஹெச்.டி. பதிவு பாதியில் நின்றது. சேர்ந்த இரண்டாம் ஆண்டு என் வழிகாட்டி ஓய்வு பெற்றார். மாற்று வழிகாட்டி கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. கிடைத்தவரோ, "இந்தத் தலைப்பு என் ஏரியா இல்லம்மா, மாத்திக்கோ" என்றார். சேகரித்த தகவலெல்லாம் அட்டைப் பெட்டியில் போய்விட்டது. சேரும் முன் முதல் வழிகாட்டிக்கு இன்னும் எத்தனை வருடம் சர்வீஸ் இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று கேட்கவில்லை. இப்போது யு.ஜி.சி.யின் 2022 விதிகளில், ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது என்று இருக்கிறது. ஒரு பேராசிரியர் எட்டுப் பேருக்கு மேலும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கு மேலும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கு மேலும் வைத்துக்கொள்ளக் கூடாது. பிற்காலத்தில் நீங்கள் பிஹெச்.டி.க்குப் போகும்போது இந்தக் கணக்கை நேராகவே கேளுங்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் அந்தப் படிப்பை முழுநேரமாகச் செய்யலாம். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை 2023-லிருந்து இருக்கிறது, உங்கள் இப்போதைய சம்பளத்தை விட அதிகம்.

சரி, இப்போது அமெரிக்கா. அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது நெகிழ்ந்துபோனேன். மகள் படிப்புக்காக வீட்டையே வைக்கத் துணிகிற மனிதர். அந்த மனதுக்குக் கணக்கு போட்டுக் காட்டுவதுதான் நாம் செய்யக்கூடிய மரியாதை. டாலருக்கு 85 ரூபாய் என்றே வைப்போம். 42,000 டாலர் என்பது 35 லட்சத்து 70 ஆயிரம். இன்டர்ன்ஷிப் ஆண்டை விட்டுவிட்டு நான்கு ஆண்டு மட்டும் கணக்கிட்டால் 1 கோடியே 42 லட்சத்து 80 ஆயிரம். வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ், விமானம் எதுவும் இதில் இல்லை. முழுத் தொகையும் கடன் என்றால், 10 சதவீத வட்டியில் ஆண்டுக்கு வட்டி மட்டுமே 14 லட்சத்துக்கு மேல். அப்பாவுக்கு இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதி, சாப்பிட்ட பிறகு பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். இப்போதைக்கு வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

இதைச் சொல்வது அமெரிக்கப் படிப்பு மோசம் என்பதால் அல்ல. மருத்துவ உளவியல் என்ற பெயரே அங்கே பிறந்ததுதான். 1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கினார். அங்கே வந்த முதல் பிள்ளை, எழுத்துக்கூட்ட வராமல் தவித்த ஒரு பள்ளி மாணவன். 1949-ல் போல்டர் நகரில் கூடிய மாநாட்டில், மருத்துவ உளவியலாளர் ஆராய்ச்சியாளராகவும் சிகிச்சையாளராகவும் சேர்ந்தே பயிற்சி பெற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அங்கத்திய பிஹெச்.டி. இன்றுவரை பெரும்பாலும் அந்த வார்ப்பில்தான் இருக்கிறது. சிகிச்சையில் மட்டும் முழுக் கவனம் வைக்கும் படிப்பு வேண்டும் என்ற குரல் எழுந்து, 1968-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முதல் சை.டி. வந்தது. 1973-ல் வேல் (Vail) நகரில் கூடிய மாநாடு அதை ஏற்றுக்கொண்டது.

இந்த வரலாற்றால் உங்களுக்கு ஆக வேண்டியது பணம் பற்றிய ஒரு விஷயம்தான். அங்கே நல்ல பல்கலைக்கழகங்களின் பிஹெச்.டி.யில் மாணவர் ஒரு பேராசிரியரின் ஆய்வுக் குழுவில் வேலை செய்கிறார். அதனால் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள், நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும். சை.டி.யில் வகுப்பு பெரிது, செலவு பெரும்பாலும் மாணவர் தலையில். வேகமாக இடம் கிடைப்பதற்கும் கட்டணம் அதிகமாக இருப்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு இடம் கொடுத்திருக்கும் படிப்புக்கு அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அதை இன்றைக்கே பாருங்கள். அங்கீகாரம் உள்ள ஒவ்வொரு படிப்பும் தன் இணையதளத்தில் ஒரு பக்கம் வெளியிட்டே ஆக வேண்டும். மாணவர் சேர்க்கையும் விளைவுகளும் என்ற தலைப்பில் இருக்கும். முகப்பில் சிரிக்கும் மாணவர் படம் இருக்கும், இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி உள்ளே இருக்கும். தேடிப் பிடியுங்கள். படிப்பை முடிக்க உண்மையில் எத்தனை வருடம் ஆகிறது, எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், எத்தனை பேருக்கு அங்கீகரிக்கப்பட்ட இன்டர்ன்ஷிப் கிடைத்தது, முடித்தவர்களில் எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள், ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு செலவு என எல்லாம் வருடவாரியாக அட்டவணையில் இருக்கும். நான் ஒரு மாணவிக்காக இப்படி ஒரு பக்கத்தை உட்கார்ந்து படித்தபோது, மற்ற வரிகளை விட்டுவிட்டு இன்டர்ன்ஷிப் வரிக்குத்தான் முதலில் போனேன். 'இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்கள்' என்று ஒரு வரி, 'அங்கீகரிக்கப்பட்ட இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்கள்' என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் அந்தப் படிப்பை விட்டு விலகிவிடுங்கள்.

வெளிநாட்டு மாணவருக்கு அங்கே இன்னொரு சிக்கல். பட்டத்துக்கு முன் ஒரு வருடம் முழுநேர இன்டர்ன்ஷிப் கட்டாயம். நாடு முழுக்க விண்ணப்பித்து, பொருத்தம் பார்த்து இடம் ஒதுக்கும் முறை அது. அந்த நாட்டில் உளவியல் பயிற்சி இடங்களை அதிகமாகத் தருவது முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகள். அவற்றில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஆக, பெரிய கதவு ஒன்று உங்களுக்கு ஆரம்பத்திலேயே மூடியிருக்கிறது. முடித்த பிறகு ஈ.பி.பி.பி. என்ற தேர்வு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும் லைசென்ஸ் விதிகள், விசா எல்லாம் தனி. திரும்பி வந்தாலும் அந்தப் பட்டம் இங்கே தானாகப் பதிவேட்டில் ஏறிவிடாது. ஆர்.சி.ஐ. அதைத் தனியாகப் பரிசீலிக்கும்.

அப்படியானால் நான் சொல்வது இரண்டாவது வழி. சென்னையிலோ பக்கத்திலோ, ஆர்.சி.ஐ. ஒப்புதல் உள்ள முழுநேர மருத்துவ உளவியல் படிப்பு. ஆனால் "ஒப்புதல் உண்டு என்று சொல்லும்" என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் 'சொல்லும்' என்ற வார்த்தை எனக்கு உறுத்துகிறது. ஒப்புதல் என்பது நிறுவனத்துக்கு நிரந்தரமாகக் கொடுக்கும் பட்டயம் அல்ல. இந்தப் படிப்புக்கு, இந்தக் கல்வியாண்டுகளுக்கு, இத்தனை இடத்துக்கு என்றுதான் கொடுப்பார்கள். ஆர்.சி.ஐ.யின் இணையதளத்தில் மாநிலவாரியாகப் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேரும் ஆண்டு அதில் இருக்கிறதா, எத்தனை இடம் என்று பாருங்கள். பத்து இடத்துக்கு ஒப்புதல் வாங்கிவிட்டு இருபது பேரைச் சேர்த்தால், மீதிப் பத்துப் பேரின் கதி என்ன?

இந்தப் பாதையே மாறிக்கொண்டிருக்கும் காலம் என்பதால் இன்னும் கவனம் தேவை. பல வருடம் எம்.ஃபில். தான் நமக்கு வாசலாக இருந்தது. நானும் அப்படி வந்தவள்தான். யு.ஜி.சி. 2022-ல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. பிறகு மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. இனி சை.டி. போன்ற படிப்புகள்தான் பெரிதாகும். புதிதாகத் தொடங்குகிற இடங்களும் வரும், சிலவற்றில் கட்டடம் இருக்கும், நோயாளி இருக்க மாட்டார். போரூர் ராமச்சந்திரா, முட்டுக்காட்டில் இருக்கும் தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் போல ஏற்கெனவே இந்தப் பயிற்சியை நடத்திப் பழகிய இடங்களையும், கொஞ்சம் தள்ளிப் போக முடிந்தால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தையும் முதலில் விசாரியுங்கள். உங்களுக்கு இடம் தருகிற நிறுவனத்தை அவற்றோடு வைத்துப் பாருங்கள்.

எதை வைத்துப் பார்ப்பது? மேற்பார்வையை வைத்துத்தான். அது என்ன என்று சொன்னால்தான் புரியும், என் பயிற்சிக் காலத்திலிருந்து ஒரு நாளைச் சொல்கிறேன்.

ஓ.பி.யில் திங்கட்கிழமைக் கூட்டம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்த ஒரு அம்மா, பக்கத்தில் 19 வயது மகன். மகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாதான் பேசினார். "காத்து கருப்பு பட்டுடுச்சும்மா, ஏரிக்கரை பக்கம் போனான், அன்னிலேர்ந்து இப்படித்தான்." நான் ஒன்றரை மணி நேரம் எழுதி, கேஸ் ஷீட்டில் 'தன்னை ஆவி பிடித்திருப்பதாக நம்புகிறார், பிரமை நம்பிக்கை இருக்கலாம்' என்று போட்டேன். மத்தியானம் என் சூப்பர்வைசர் வாசித்தார். அந்த வரியில் பென்சிலை வைத்தார். "இதைச் சொன்னது யாரு?" என்றார். "பேஷண்ட் மேடம்" என்றேன். "பேஷண்டா, அவங்க அம்மாவா?" எனக்கு வாய் வரவில்லை. "வெளியே பஸ்ஸுக்குப் போறதுக்குள்ள போய்ப் பிடி. அம்மாவை டீ குடிக்க அனுப்பு. பையன்கிட்ட தனியா உட்காரு. ஒண்ணும் கேக்காதே, கொஞ்ச நேரம் சும்மா உட்காரு."

ஓடிப்போய்ப் பிடித்தேன். வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனை நிமிடம் போயிருக்கும் என்று தெரியாது. அப்புறம் அவனே சொன்னான். டிப்ளமோவில் நாலு பேப்பர் அரியர். வீட்டில் சொல்லவில்லை. ஏரிக்கரைக்குப் போனது வேறு எண்ணத்தோடு. காற்றும் இல்லை கருப்பும் இல்லை, "அம்மாவா அப்படி நினைச்சிக்கிட்டாங்க, நானும் சரின்னு விட்டுட்டேன்" என்றான். அன்றைக்கே சீனியர் டாக்டரிடம் அழைத்துப்போனோம், அட்மிஷன் போட்டார்கள். என் சூப்பர்வைசர் அந்த ஒரு வரியில் பென்சிலை வைக்காமல் இருந்திருந்தால் தவறான மாத்திரைச் சீட்டோடு அவன் ஊருக்குப் போயிருப்பான். மறுபடி ஏரிக்கரைக்கும் போயிருப்பான்.

இது எந்தப் புத்தகத்திலும் வராது. நம்பிக்கை யாருடையது, அம்மாவுடையதா ஊருடையதா நோயாளியுடையதா என்று பிரிக்கத் தெரிவது. "நெஞ்சு அடைக்குது", "தலை பாரமா இருக்கு", "மனசே இல்லை" என்று நம் மக்கள் சொல்வதற்குள் பயம் இருக்கிறதா, துக்கம் இருக்கிறதா, இதயநோயே இருக்கிறதா என்று கேட்கத் தெரிவது. இதைத் தமிழில், தமிழ் பேசும் நோயாளியோடு, தப்பு செய்தால் அன்றைக்கே பிடிக்கிற ஒருவரின் பக்கத்தில் இருந்துதான் கற்க முடியும். சென்னையில் படிக்கச் சொல்வதற்கு எனக்கு இதுதான் பெரிய காரணம், பணம் கூட அடுத்ததுதான். நீங்கள் பார்க்கப்போவது அம்பத்தூர்ப் பிள்ளைகளை.

அதனால் நிறுவனத்துக்கு நேரில் போங்கள். டைரக்டர் அறையில் காபி கொடுத்து ப்ரோஷர் காட்டுவார்கள், அது பத்து நிமிடம். அப்புறம் கேன்டீனுக்குப் போய் இரண்டாம் ஆண்டு மாணவரைப் பிடித்துப் பேசுங்கள். நீங்கள் எழுதும் கேஸ் ஷீட்டை யார் படிக்கிறார்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் சூப்பர்வைசர் உங்களோடு தனியாக உட்காருகிறார், நீங்கள் நோயாளியோடு பேசுவதை அவர் எப்போதாவது நேரில் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். வார்டு இருக்கிறதா, ஓ.பி. மட்டும்தானா? குழந்தைகள் பிரிவு, குடிநோய்ப் பிரிவு, நரம்பியல் பிரிவுக்கு போஸ்டிங் போடுகிறார்களா, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போல நாள்பட்ட நோயாளிகள் இருக்கிற இடத்துக்கு அனுப்புகிறார்களா? ஆசிரியர்கள் பட்டியலில் இருப்பவர்கள் உண்மையில் வாரம் முழுக்க வருகிறார்களா, இன்ஸ்பெக்ஷன் நாளில் மட்டும் வருகிறார்களா? மாணவர் பதில் சொல்லும் முன் ஒரு நொடி தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் இத்தனை வருடத்தில் பார்த்தவரை, நல்ல இடத்து மாணவர்கள் வேலை அதிகம் என்று புலம்புவார்கள், கூடவே சூப்பர்வைசர் பெயரைப் பெருமையோடு சொல்வார்கள். புலம்பலே இல்லாத இடம் என்றால் அங்கே நோயாளி குறைவு என்று அர்த்தம்.

ஆன்லைன் டாக்டர் பட்டம் என்று உங்கள் போனுக்கும் விளம்பரம் வந்திருக்கும். வெளிநாட்டுப் பெயர் போட்டு இங்கே நடத்தும் ஆன்லைன் பிஹெச்.டி. செல்லாது என்று யு.ஜி.சி. 2022-லேயே எச்சரித்துவிட்டது. அதோடு முடித்துக்கொள்வோம்.

வேலையை விட வேண்டுமே என்ற பயம் எனக்குப் புரிகிறது. உள்ளூர்ப் படிப்புக்கும் கட்டணம் உண்டு, கையில் சம்பளம் இருக்காது. ஆனால் இங்கே ஆகும் செலவை அமெரிக்கக் கணக்கின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் சேமிப்பு, வீட்டை வைக்காமல் கிடைக்கும் கல்விக்கடன், அப்பா மாதாமாதம் கொடுக்கக்கூடியது ஆகியவற்றுக்குள் அடங்கும் என்றுதான் நினைக்கிறேன். அடங்காவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள், தப்பே இல்லை. அந்த ஒரு வருடம் மனநல ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர முடிந்தால் இன்னும் நல்லது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் அண்ணா நகர் பக்கத்தில்தான் இருக்கிறது, அம்பத்தூரிலிருந்து ஒரு பஸ். நோயாளியிடம் கேள்வித்தாள் வைத்துப் பேசுவது, தரவு சேகரிப்பது எல்லாம் அப்படிப்பட்ட இடத்தில் பழகும். பிற்பாடு உதவித்தொகையோடு அமெரிக்க பிஹெச்.டி.க்கு விண்ணப்பிக்கத் தோன்றினாலும், அங்கத்திய பேராசிரியர்கள் முதலில் பார்ப்பது அந்த அனுபவத்தைத்தான். அமெரிக்கா எங்கும் ஓடிவிடாது. முப்பது வயதில், கையில் ஆர்.சி.ஐ. பதிவும் ஒரு நல்ல ஆய்வுக் கேள்வியும் வைத்துக்கொண்டு, அப்பா வீட்டைத் தொடாமல் போகலாம்.

மாமாவிடம் சண்டை வேண்டாம். அவர் உலகத்தில் டாக்டர் என்பது மரியாதை, உங்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறார். சை.டி. முடித்தாலும் டாக்டர் பட்டம்தான் என்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

ஏப்ரல் 15-க்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தள்ளாதீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அங்கீகாரம் உண்டா, வெளிநாட்டு மாணவர்கள் கடந்த மூன்று ஆண்டில் எத்தனை பேர் அங்கீகரிக்கப்பட்ட இன்டர்ன்ஷிப் பெற்றார்கள், எனக்குக் கட்டணச் சலுகை ஏதாவது உண்டா என்று மூன்றே கேள்வி. பதிலைப் பார்த்துவிட்டு, கட்டணம் குறையவில்லை என்றால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். இடத்தை வைத்துக்கொண்டு கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். காத்திருப்போர் பட்டியலில் இன்னொருவர் தூங்காமல் இருப்பார்.

இங்கே சேர்வதற்கு நேர்காணல் வைப்பார்கள், ஏன் இந்தப் படிப்பு என்று கட்டாயம் கேட்பார்கள். சிறுவயதிலிருந்தே மற்றவர்களுக்கு உதவ ஆசை என்று சொல்லாதீர்கள், எங்களிடம் வரும் பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பையனைப் பற்றிச் சொல்லுங்கள், அவன் யாரென்று தெரியாத விதத்தில். அன்றைக்கு உங்கள் அறையில் என்ன செய்தீர்கள், எந்த இடத்தில் நின்றுபோனீர்கள் என்று அப்படியே சொல்லுங்கள். நான் அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தால், பேனாவை வைத்துவிட்டு உங்களைப் பேச விடுவேன்.

அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. பள்ளிக்கு வருகிறானா? நாளைக்கு முடிந்தால் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.